உதோனோ அழுகிறார், நாற்பது வினாடி

எங்கள் இசைக்குழுவைக் கலைத்தவள் நான்தான் என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. காகிதத்தில் இருப்பதை நம்பாமல் மனுஷர்கள் வேறு எதைத்தான் நம்புவார்கள், பாவம். நீங்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள் கண்ணுகளா. முழுக்கக் கேட்ட பிறகும் நான்தான் கலைத்தேன் என்று தோன்றினால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒசாகாவை ஒட்டிய அமகாசாகியில் ரயிலடிக்குத் தெற்கே இருந்த கடைவீதியில், வகுதா முத்திரைக் கடையில் நான் முத்திரை செதுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் கையெழுத்துக்கு மரியாதை இல்லை. வீடு வாடகைக்குப் பிடிக்க, கல்யாணம் பதிய, தபால்காரரிடம் பொட்டலம் வாங்க, எதற்கும் பெயர் செதுக்கிய முத்திரைதான். சாதாரணப் பெயர்க்காரர்களுக்குக் கவலையில்லை. எழுதுபொருள் கடை வாசலில் சுழல்கிற தாங்கி ஒன்று நிற்கும். அதில் தனாகா, சுசுகி, நெமோத்தோ என்று ஆயத்த முத்திரைகள் வரிசையாக இருக்கும். சுற்றிவிட்டுத் தன் பெயரைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். என் பெயர் மிசாவோ, குடும்பப் பெயர் உதோனோ. அது எந்தத் தாங்கியிலும் இருக்காது. அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே என் முத்திரையை நானே செதுக்கிக்கொண்டேன். கத்தி வழுக்கி, வட்டத்தின் கீழ் விளிம்பில் எள்ளளவு சில்லு பெயர்ந்துவிட்டது. சரிசெய்யவில்லை. என் பல்வரிசையில்கூட ஓர் இடைவெளி உண்டு. அதையும் நான் சரிசெய்துகொள்ளவில்லை.

பக்கத்துக் கடை ஊறுகாய்க் கடை. அந்த வீட்டின் இரண்டாவது பிள்ளை காஷிவாய் ரியோஜி, எனக்கு ரியோ. நாங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். அவன் கிட்டார் வாசிப்பான், பாடுவான். பாட்டில் மூடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த நெமோத்தோவுக்கு டிரம்ஸ். எனக்கு ஒரு சின்ன மின்சார ஆர்கன். அதில் ஒரு கட்டை மட்டும் எப்போதும் ஊமை. ஊறுகாய்க் கடையின் பின்னறையில் முள்ளங்கிப் பீப்பாய்களுக்கு நடுவே பயிற்சி. பழைய குளிர்பெட்டியிலிருந்து கசிந்த மின்சாரம் ரியோவின் கிட்டாரில் ஏறி அவனை அடிக்கடி துள்ளவைக்கும். குழுவுக்கு 'மின்சார ஊறுகாய்' என்று பெயர் வைத்தது அதனால்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் வருஷம். பத்திரிகைகள் அந்த மாதிரி இசையைப் 'புதிய அலை' என்றன. எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு பரிமாறும்போது போடுகிற வெள்ளை மேலங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசித்தோம். முள்ளங்கித் தண்ணீர் துணியில் தெறிக்கக் கூடாது என்பதைத் தவிர அதில் வேறு தத்துவம் இல்லை.

முதல் பாட்டு பிறந்தது குப்பையிலிருந்து. நெமோத்தோ ஒரு செவ்வாய்க்கிழமை, எரியும் குப்பை போடுகிற நாளில், உடைந்த மின்விசிறியைப் பையில் கட்டி வைத்துவிட்டான். குடியிருப்போர் சங்கத்து அம்மாள் அதைத் தூக்கி வந்து அவன் வாசலிலேயே வைத்து, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்.

"அக்கா, பாருங்களேன்," என்று அந்தச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினான் நெமோத்தோ. "என்னைப் பத்தியா எழுதியிருக்காங்க, ஃபேனைப் பத்தியா?"

சீட்டில், 'இது எரியாது. எடுத்துச் செல்லவும்' என்று இருந்தது.

ரியோ அதை வாங்கி நாலுவிதமாகப் பாடிப்பார்த்தான். ஐந்தாவது விதத்தில் மின்சாரம் அடித்தது. அந்தத் துள்ளலையும் சேர்த்துக்கொண்டோம். அதுதான் பாட்டு.

முதல் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அடுத்ததற்கு நாற்பது. ஒரு வருஷத்தில் ஒசாகாவிலிருந்தும் கோபேயிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களும் வெள்ளை மேலங்கி, இளஞ்சிவப்பு ரப்பர் கையுறை. தங்களுக்கு அவர்களே வைத்துக்கொண்ட பெயர் 'எரியாதவர்கள்'. வங்கிக் குமாஸ்தா, பல் மருத்துவமனை உதவியாளர், மீன்சந்தைக்காரர், தேர்வில் தோற்றவர்கள். கையுறையோடு கைதட்டினால் ஈரத்துணியைத் தரையில் போட்டதுபோல் சத்தம் வரும். அந்தச் சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

ஒருநாள் குப்பை அட்டவணையின் பின்பக்கத்தில் ரியோ ஓர் ஒப்பந்தம் எழுதினான். "மூணு முத்திரையும் விழுந்தாத்தான் எதுவும் முடிவு. ஒண்ணு குறைஞ்சாலும் இல்ல." மூவரும் முத்திரை வைத்தோம். நான்தான் ரியோவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்: அடியில் மெல்லிய புத்தகம் ஒன்றை வை, முத்திரையின் முகத்தைத் துடை, மைப்பசையில் மெதுவாகத் தட்டு, மூச்சை விட்டுவிட்டு அழுத்து. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தினான். இரண்டு தரம் கோணல், மூன்றாவது தரம் நேர்.

"இப்ப ஓகேவா, முத்திரை மகாராணி?"

"முத்திரைன்னா நிமிர்ந்து நிக்கணும். கோணலா வச்சா குடிச்சிட்டு வச்ச மாதிரி."

"சரிங்க தாயே."

எண்பத்தொன்றாம் வருஷம் இலையுதிர் காலத்தில் டோக்கியோவிலிருந்து ஓர் இசைத்தட்டு நிறுவனம் வந்தது. நிறுவனம் என்றால் ஏழு பேர். எங்கள் பின்னறையில் ஏழு பேருக்கு இடமில்லாததால் பதவி வரிசைப்படி பீப்பாய்கள்மேல் உட்கார்ந்தார்கள். கடைசி ஆள் உட்கார்ந்தது மூடியில்லாத பீப்பாயின் விளிம்பில். புதுமைப் பிரிவின் தலைவர் குரோசே பேசினார்.

"எங்க நிறுவனம் கட்டுக்கடங்காத கலையைத் தேடிட்டிருக்கு. அதுக்குன்னே தனிப் பிரிவு, தனி மாடி. கட்டுக்கடங்காம இருக்கிறதுக்கு நாப்பத்தொரு விதி வச்சிருக்கோம். வேற எந்தக் கம்பெனியிலயும் இத்தனை கிடையாது. நீங்க நீங்களாவே இருக்கணும். எப்படி நீங்களா இருக்கிறதுன்னு தொகுனாகா விளக்குவார்."

பீப்பாய் விளிம்பிலிருந்த ஒல்லியான மனிதர் எழுந்து வணங்கினார். அவர்தான் தொகுனாகா. முதுகுப்பக்கம் ஈரமாக இருந்தது. பாவம், நல்ல மனுஷர். கடைசிவரை அவர் எங்களிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சொல்லும்படி யாரும் உத்தரவு போட்டதில்லை.

மூன்று முத்திரையும் விழுந்தது. அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

அந்த நிறுவனத்தில் விசித்திரத் தரநிர்ணயக் குழு என்று ஒன்று இருந்தது. எங்களை நிற்கவைத்து மதிப்பெண் போட்டார்கள். மேலங்கி மூன்று, தொப்பி இரண்டு, ஊமைக் கட்டை நான்கு. நெமோத்தோ சிரித்ததைப் பார்த்துவிட்டு ரகசியமாகக் கூடிப் பேசி, 'ஆய்வுக்குரியது' என்று எழுதினார்கள். மொத்தம் பதினொன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில் இருக்க வேண்டுமாம். அதற்குக் கீழே போனால் மக்கள் கவனிக்க மாட்டார்கள், மேலே போனால் மக்களுக்கே பிடித்துப்போய்விடும் என்று விளக்கினார் குரோசே. இரண்டாவது ஏன் ஆபத்து என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேன். கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது.

மேடையில் திடீரென்று எதையாவது செய்ய வேண்டுமானால் மூன்று வாரத்துக்கு முன்பே 'திடீர்ச் செயல் படிவம்' கொடுக்க வேண்டும். என்ன செயல், எத்தனை வினாடி, சக கலைஞர்கள் அடையப்போகும் வியப்பு சிறிதா, மிதமா, மிகுதியா. ரியோவின் மின்சாரத் துள்ளலுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நான் 'மிதம்' என்று வட்டம் போட்டு, வியப்பதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டேன்.

நகோயாவில் நெமோத்தோ கம்பி தடுக்கி மேடையிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். எரியாதவர்கள் பரவசமாகிவிட்டார்கள். மறுநாளே விசாரணை.

"விழுந்தது தப்பில்ல நெமோத்தோ சான்," என்றார் குரோசே. "சொல்லாம விழுந்ததுதான் தப்பு. உங்களுக்கு அடிபட்டிருந்தா என்ன ஆகும்?"

"அடிபட்டுதுங்க," என்றான் நெமோத்தோ, பல் போன வாயால்.

"அதைத்தான் சொல்றேன். படிவம் இல்லாததால அது எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்."

விழுந்ததற்குப் பின்தேதியிட்டு அனுமதி கிடைத்தது. இனி ஒவ்வொரு ஊரிலும் ஆறாவது பாட்டு முடிந்ததும் நெமோத்தோ விழ வேண்டும் என்று தீர்மானமும் ஆயிற்று. "ஒவ்வொரு வாட்டியும் பல்லு உடையணுமாங்க?" என்று அவன் தொகுனாகாவிடம் கேட்டான். தொகுனாகா அதை எழுதி மேலே அனுப்பினார். இரண்டு வாரம் கழித்துப் பத்தொன்பது முத்திரைகளோடு பதில் வந்தது: 'பல் கட்டாயமில்லை.'

இந்த முத்திரை விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும் கண்ணுகளா. ஒரு காகிதம் மேலே போகும்போது அதில் கட்டங்கள் வரிசையாக இருக்கும். வலது கோடிக் கட்டம் முன்மொழிகிறவருக்கு. அங்கிருந்து ஒவ்வொரு கட்டமாக இடப்பக்கம் போகப்போகப் பதவி உயரும். இடது கோடியில் தலைவர். எல்லோரும் தங்கள் முத்திரையை இடப்பக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்கள், தலைவரின் முத்திரையைக் குனிந்து வணங்குகிற மாதிரி. தொகுனாகாவுடையது பாதிக்குப் பாதி சாய்ந்திருக்கும். என்னுடையது மட்டும் நேராக நின்றது. காகிதம் மூன்று முறை திரும்பி வந்தது.

"உதோனோ சான், உங்க முத்திரை... கொஞ்சம் நிமிர்ந்து நிக்குதுங்க," என்றார் தொகுனாகா, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"முத்திரைன்னா நிமிர்ந்துதானே நிக்கணும்? அது என் தொழிலுங்க."

"நிக்கணும்தான். ஆனா அதே காகிதத்துல தலைவர் முத்திரை இருக்கு பாருங்க. நீங்க ஊர்ல இருப்பீங்க, இங்க உங்க முத்திரை அவர் முன்னாடி விறைச்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் உங்களைப் பார்க்கும்போது அவருக்குச் சங்கடமா இருக்காதா?"

ரியோ விழுந்து விழுந்து சிரித்தான். "விடுங்க தொகுனாகா சான். இவ முத்திரைக்கு முதுகெலும்பு இருக்கு. ஒடிச்சாலும் வளையாது." அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்தது பெருமை. நான் தப்பாகப் பார்க்கவில்லை. பெருமைதான்.

எங்கள் தட்டு வெளிவந்தது. பெரிதாக ஓடவில்லை, ஆனால் வாங்கியவர்கள் உயிராக வைத்துக்கொண்டார்கள். ரியோ டோக்கியோவுக்கே குடிபோனான். நானும் நெமோத்தோவும் வேலையை விடாமல் சனி ஞாயிறு போய்வந்தோம். காகிதங்கள் தபாலில் போய்வரத் தாமதமாகிறது என்று நிறுவனம் நெமோத்தோவுக்கு ஓர் ஆயத்த முத்திரை வாங்கித் தானே வைத்துக்கொண்டது. "நல்லதாப் போச்சு, கை வலி மிச்சம்," என்றான் அவன். எனக்காகவும் ஓர் ஆளைப் பதினொரு எழுதுபொருள் கடைக்கு அனுப்பினார்களாம். உதோனோ எங்கும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்ற அறிக்கைக்கு என் முத்திரை கேட்டுத் தபால் வந்தது.

எண்பத்திரண்டு ஆகஸ்ட். மூதாதையரை வரவேற்கிற போன் பண்டிகைக்கு ரியோ ஊருக்கு வந்தான். கடைவீதி ஒக்கோனோமியாக்கிக் கடையில் சூடான இரும்புத் தகட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். முட்டைக்கோஸ் அடை வேகிறதைப் பார்த்தபடியே சொன்னான்:

"மிசாவோ, உன் முத்திரையை என்கிட்ட கொடுத்து வையேன்."

"விளையாடுறியா? பொண்டாட்டி முத்திரையையே புருஷன்கிட்ட கொடுக்க மாட்டாங்க."

"நான் என்ன உன் புருஷனா? அவனெல்லாம் நேத்து வந்தவன் கணக்கு. நான் ஒண்ணாங் கிளாஸ்ல இருந்து உன் அழிரப்பரைத் திருடினவன்."

"அதனாலதான் யோசிக்கிறேன்."

"ஒவ்வொரு படிவத்துக்கும் பத்து நாள் ஆகுதுடி. போன மாசம் நான் துள்ளுறதுக்கு அனுமதியே வரல. அடிச்ச மின்சாரத்தை அடக்கிக்கிட்டு நின்னேன், தெரியுமா?" அவன் அடையைப் புரட்டினான். "நீ போன்ல சரின்னு சொல்லாம மைப்பசையில தொட மாட்டேன். சத்தியம்."

அரிசி பிஸ்கெட் வந்த சின்னத் தகர டப்பாவில் பஞ்சு வைத்து முத்திரையைக் கொடுத்தேன். அவன் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான், கோயில் பிரசாதம் மாதிரி. இருவரும் சிரித்தோம். அடை கொஞ்சம் கருகிவிட்டது.

பிப்ரவரியில், கடையில் உட்கார்ந்து ஒரு மீன்வியாபாரியின் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது பல் மருத்துவமனைப் பெண் உள்ளே வந்தாள். முதல் நிகழ்ச்சிக்கு வந்த பதினொரு பேரில் ஒருத்தி. கையில் சுருட்டிய சுவரொட்டி. அதை மேசைமேல் பிரித்துவைத்தாள். 'மின்சார ஊறுகாய். இறுதி நிகழ்ச்சி. மார்ச் இருபத்தொன்பது.'

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றாள்.

"என்ன பண்ணேன்?"

"பத்திரிகையில போட்டிருக்கே, கலைக்கணும்னு சொன்னது நீங்கதான்னு. எங்ககிட்ட ஒரு வார்த்தை..." முடிக்காமல், குனிந்து வணங்கிவிட்டுப் போய்விட்டாள். நான் சுவரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மீன்வியாபாரியின் பெயரில் ஒரு கோடு அதிகமாக விழுந்திருந்தது.

ரியோவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாள் காலை ரயில் பிடித்து டோக்கியோ போனேன். தொகுனாகா அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தார். அட்டையில் செருகி, வலது மூலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தார். இருபத்துமூன்று கட்டங்கள், இருபத்துமூன்று முத்திரைகள். எல்லாம் இடப்பக்கம் சாய்ந்து, காற்றில் படுத்த நாற்றுபோல.

"இதை யார் ஆரம்பிச்சது?"

"கேட்டுப் பார்க்கலாங்க," என்றார் தொகுனாகா. இருவரும் மேசை மேசையாகப் போனோம்.

தலைவர் குரோசே எழுந்து நின்று வரவேற்றார். "நான் ரொம்ப வருத்தப்பட்டேன் உதோனோ சான். வருத்தத்தோடதான் வச்சேன். பாருங்க, என் முத்திரை கொஞ்சம் மங்கலா விழுந்திருக்கு. அதுதான் வருத்தம்."

"அப்ப ஏன் வச்சீங்க?"

"துணைத் தலைவர் வச்சிருந்தாரே. நான் வைக்கலன்னா அவர் முகத்தை எங்க கொண்டு வச்சுக்குவார்?" பிறகு என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "இருக்கிற குழுவுக்கு ரசிகர்தான் வருவாங்க. இல்லாத குழுவுக்குப் பக்தர்கள் வருவாங்க. எங்க பிரிவுல எந்தக் குழுவும் மூணு வருஷத்துக்கு மேல உயிரோட இருந்ததில்ல. எல்லாமே அமரத்துவம் அடைஞ்சிருக்கு."

துணைத் தலைவர், விற்பனை மேலாளர் வைத்திருந்ததால் வைத்தார். விற்பனை மேலாளர் அட்டை வடிவமைப்பாளரைக் காட்டினார். அட்டை வடிவமைப்பாளர், தனக்கு எங்கள் பாட்டு மிகவும் பிடிக்கும் என்றும், அழுதுகொண்டே வைத்ததாகவும் சொன்னார். ஒருவர் விடுமுறையில் இருந்தார். அவர் சார்பில் வைத்தவர், 'அவர் இருந்திருந்தா வச்சிருப்பாரேன்னு' வைத்தாராம். கலைய வேண்டும் என்று விரும்பிய ஒரு மனிதரைக்கூட அந்த மாடியில் நான் பார்க்கவில்லை. இருபது மேசையில் இருபது நல்லவர்கள். எல்லோரும் எனக்குப் பார்லித் தேநீர் கொடுத்தார்கள். கடைசி மேசை தொகுனாகாவுடையது. அங்கே நாங்கள் இருவரும்தான் நின்றோம்.

"நீங்க ஏன் வச்சீங்க?"

"எனக்கு முன்னாடி காஷிவாய் சான் வச்சிருந்தாருங்க."

"ரியோவா? அவன் யார் வச்சதைப் பார்த்து வச்சான்?"

"நெமோத்தோ சான்." அது நிறுவனத்து இழுப்பறையில் இருந்த ஆயத்த முத்திரை.

"நெமோத்தோவுக்கு முன்னாடி?"

தொகுனாகா என்னைப் பார்க்காமல் ஆழமாகக் குனிந்து வணங்கினார். குனிந்தபடியே கட்டைவிரலை எடுத்தார்.

முன்மொழிபவர் கட்டம். உதோனோ. வட்டத்தின் கீழ் விளிம்பில் எள்ளளவு சில்லு. அந்தக் காகிதத்தில் இருந்த எல்லா முத்திரைகளையும்விட அதுதான் அதிகமாகச் சாய்ந்திருந்தது. கிட்டத்தட்டப் படுத்தே கிடந்தது.

ரியோ மூன்றாம் மாடிப் பயிற்சி அறையில் இருந்தான். முள்ளங்கி வாசனை இல்லாத அறை. புதுக் கிட்டார், அதில் மின்சாரம் கசியாது. என்னைப் பார்த்ததும் எழுந்தான், பிறகு உட்கார்ந்துவிட்டான்.

"மைப்பசையில தொட மாட்டேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"அப்புறம்?"

"முன்மொழியிறவர் கட்டத்துல யாரைப் போடறதுன்னு கூட்டம் நடந்துச்சு மிசாவோ. நாலு மணி நேரம். என்னைப் போட்டா, அடுத்து வரப்போற என் தனித் தட்டுக்குக் கெட்ட பேரு. நெமோத்தோவைப் போட்டா யாரும் நம்ப மாட்டாங்க. நீன்னா... உனக்கு ஊர்ல கடை இருக்கு, வேலை இருக்கு. நீ தாங்கிக்குவேன்னு நான்தான் சொன்னேன். உன்னைப் பத்தி ரொம்ப உயர்வாதான் சொன்னேன்."

"சாய்ச்சு வச்சிருக்கே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அதையா கவனிச்சே?"

"வேற எதைக் கவனிக்கிறது?"

"நிமிர்த்தி வச்சா திருப்பி அனுப்பிடுவாங்கடி. மூணு தரம் அனுப்பினாங்கள்ல." அதை அவன் எனக்கு நியாயமாகப் புரியும் என்கிற மாதிரிதான் சொன்னான்.

"டப்பாவைக் கொடு."

"கடைசி நிகழ்ச்சி முடியட்டும். இன்னும் ரெண்டு காகிதம் பாக்கி இருக்கு."

நீ ஏன் அந்த மேடையில் ஏறினாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நெமோத்தோவும் கேட்டான். "போகாதீங்க அக்கா. நானும் விழ மாட்டேன்." பெரிய காரணம் ஒன்றுமில்லை. அந்த மூன்று வாத்தியமும் சேர்ந்து ஒலிப்பதை இன்னும் ஒரு தரம் கேட்க ஆசையாக இருந்தது. வீட்டிலிருந்து கேட்க முடியாதே.

நிகழ்ச்சி நிரலில் இருபது இனங்கள். பதினான்காவது இனம்: 'உதோனோ அழுகிறார், நாற்பது வினாடி. காஷிவாய் அவர் தோளில் கை வைக்கிறார். நீல விளக்கு.' குறிப்பு: 'தேவைப்பட்டால் வெங்காயம் தேய்த்த கைக்குட்டை வழங்கப்படும்.' வியப்பு: சிறிது.

அரங்கம் நிறைந்திருந்தது. வெள்ளை மேலங்கிகள், ரப்பர் கையுறைகள். நான் வந்து ஆர்கன் முன்னால் நின்றதும் அந்த ஈரத்துணிச் சத்தம் நின்றுவிட்டது. எங்கள் ஆட்கள் கோபத்திலும் வரிசை கலைக்க மாட்டார்கள். முதல் பாட்டுக்கும் இரண்டாவது பாட்டுக்கும் நடுவே ஒவ்வொருவராக மேடை விளிம்புக்கு வந்து, குனிந்து வணங்கி, முடிச்சுப்போட்ட சின்னக் குப்பைப் பை ஒன்றை என் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு. படிக்க வேண்டியிருக்கவில்லை, எங்கள் முதல் பாட்டின் அந்த வரியை நான்தான் ஆயிரம் முறை வாசித்திருக்கிறேன். பல் மருத்துவமனைப் பெண் கடைசியாக வந்தாள். அவள் பை மற்றவற்றைவிடச் சின்னது.

ஆறாவது பாட்டு முடிந்தும் நெமோத்தோ விழவில்லை. பக்கவாட்டில் நின்ற குரோசே கடிகாரத்தையும் நிரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

பதினான்காவது இனம் வந்தது. நீல விளக்கு விழுந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கண் காய்ந்து கிடந்தது. ரியோவின் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது, நல்ல சூடான கை. என் காதுக்குப் பக்கத்தில் அவன் எண்ணுவது கேட்டது.

"பன்னெண்டு, பதிமூணு... மிசாவோ, அழேன். பதினஞ்சு... சும்மா முகத்தையாவது மூடிக்கோ. பதினெட்டு..."

நான் நேராக நின்றேன். வேறு எப்படி நிற்பதென்று எனக்குத் தெரியாது.

"முப்பத்தெட்டு. முப்பத்தொம்பது." நாற்பதில் கை போய்விட்டது. ஒரு வினாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

பத்து நாள் கழித்து, மத்தியானம், கடைக்குத் தபால்காரர் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தார். அனுப்பியவர் காஷிவாய். "முத்திரை வைங்க," என்று சீட்டை நீட்டினார்.

"முத்திரை என்கிட்ட இல்லீங்க. இந்தப் பொட்டலத்துக்குள்ள இருக்கும்."

"முத்திரை வைக்காம பொட்டலத்தைத் தர முடியாதேம்மா."

"பொட்டலத்தைத் தராம எப்படிங்க வைக்கிறது?"

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்சநேரம் யோசித்தார். பிறகு பொட்டலத்தைத் தன் கையிலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நான் பிடிச்சிருக்கிற வரைக்கும் இது தபாலாபீஸோடது. நீங்க பிரிச்சு முத்திரையை மட்டும் எடுத்து வைங்க. வச்சப்புறம் மீதி உங்களோடது," என்றார். அந்த இரண்டு வருஷத்தில் அலுவலகம் சம்பந்தப்பட்ட ஒருவர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது. தகர டப்பாவைத் திறந்து, முத்திரையை எடுத்து, அவர் சீட்டில் வைத்தேன். நேராக நின்றது. அவர் வணங்கிவிட்டுப் போனார்.

டப்பாவின் அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று இருந்தது. இறுதி நிகழ்ச்சியின் நிறைவு அறிக்கை, என் பார்வைக்கு ஒரு பிரதி. பதினான்காவது இனம்: 'கண்ணீர் திட்டமிட்டபடி நிறைவேற்றப்பட்டது. நாற்பது வினாடி.' மேலே தேதி, மார்ச் இருபத்தெட்டு. நிகழ்ச்சிக்கு முந்தின நாள். வழக்கம்போல முத்திரைகள் எல்லாம் இடப்பக்கம் குனிந்திருந்தன. அழுதவர் கட்டத்தில் மட்டும் என் முத்திரை நிமிர்ந்து நின்றது.

இழையளவும் சாயவில்லை. மை எங்கும் பிசிறவில்லை. சில்லுகூடத் துல்லியமாகக் கீழே, அது இருக்க வேண்டிய இடத்தில். அடியில் மெல்லிய புத்தகம் வைத்து, முகத்தைத் துடைத்து, மெதுவாகத் தட்டி, மூச்சை விட்டுவிட்டு அழுத்தியிருக்கிறான். நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று தெரிந்தே எனக்குப் பிடித்த மாதிரி வைத்திருக்கிறான், நான் செய்யாத ஒன்றுக்குச் சாட்சியாக.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. ஆகையால் அந்த அறிக்கையில் பொய் என்று எதுவும் இல்லை கண்ணுகளா. நாற்பது வினாடிக்குக் கொஞ்சம் அதிகமாகவே ஆயிற்று. அதற்கு நான் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை.